கோர்ஸை முடிக்கவேணும்

மூத்திரம் எரிகிறதென்று யாக்கோப்பு ஒருவருக்கும் சொல்லவில்லை. நடுங்கிக்கொண்டே மீன் வெட்டினார். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் விஜயரத்தினத்தின் மீன்கடை, பங்குனி மாதத்தில் ஐஸ்பெட்டிக்குள் நிற்பது போலத்தான் இருக்கும். முன்கதவு எந்நேரமும் திறந்தபடி, தரை எந்நேரமும் ஈரம். அங்கே வேலை செய்கிற எல்லோரும் நடுங்குவார்கள். ஆகவே அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர் காய்ச்சலில் நடுங்குவதை யாரும் வேறாகப் பார்க்கவில்லை. அவர் கத்தியை வைத்துவிட்டு அடிக்கடி பின்பக்கம் போய்வருவதை மட்டும் முதலாளி கவனித்தார்.

“என்ன அண்ணை, வயித்துக்கை ஏதும் பிழையோ?”

“நேற்றுத் திண்ட கொத்துரொட்டி பேசுது போலை,” என்றார் யாக்கோப்பு.

தவக்காலம் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் கடை நிரம்பி வழியும். அறக்குளாவைத் துண்டம் போடச் சொல்லி ஒருவர், சூடையைத் தலை கிள்ளித் தரச் சொல்லி ஒருவர், திருக்கை இருக்கிறதா என்று கேட்டு வாசலிலேயே நிற்கிறவர் ஒருவர். மன்னாரின் பேசாலைக் கடலில் வலை இழுத்த கை அவருடையது. லண்டனுக்கு வந்த பிறகு அந்தக் கை மீனை விட்டுப் போகவில்லை. கடல் மட்டும் போய்விட்டது. அதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட்டதும் இல்லை. வேலை இருக்கிறது, காலையில் வீடிருக்கிற பார்க்கிங் பகுதியில் பஸ் ஏறினால் வேலைக்கு வந்துவிடலாம். அவருக்கு அது போதும்.

விசயத்தைக் கண்டுபிடித்தது மனைவி மேரிசாந்திதான். குளியலறைக்குள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகியதைக் கேட்டுவிட்டுக் கதவைத் தட்டினாள்.

“இஞ்சாருங்கோ, என்ன செய்யுது?”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாததுக்கே இந்தச் சத்தம்? திறவுங்கோப்பா.”

நெற்றியைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். “காயுது. நாளைக்கு டொக்டரிட்டைப் போறம். டிலக்சனாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவள் இங்கிலிசிலை வடிவாச் சொல்லுவாள்.”

“அவள் வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்?”

“இதெல்லாம் பெத்த மகளை வைச்சுக்கொண்டு கதைக்கிற விசயமோ? நீ வா.”

அப்படித்தான் மேரிசாந்தி போனாள். முதியோர் இல்லமொன்றில் அவள் நெடுங்காலம் பராமரிப்பு வேலை செய்கிறவள். குளிக்க வாங்கோ, சாப்பிடுங்கோ, எங்கே நோகுது என்றெல்லாம் கேட்கிற ஆங்கிலம் அவளிடம் இருந்தது. டொக்டர் இளம் பெடியன். போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுக்கலாம், வேண்டுமா என்று முதலிலேயே கேட்டார். வேண்டாம் என்று மேரிசாந்தி உடனே சொல்லிவிட்டாள். போனில் வருகிற குரல் யாருடையது என்று யாருக்குத் தெரியும்? கோயிலில் அடுத்த வாங்குப்பலகையில் இருக்கிற ஆளாகவும் இருக்கலாம்.

புரொஸ்டேட்டில் கிருமித் தொற்று என்றார் டொக்டர். சிப்ரோஃப்ளொக்சசின் என்ற குளிசையை எழுதினார். பாலோடு சேர்த்து எடுக்கவேண்டாம் என்றார். பிறகு கையைத் தோளிலும் காலிலும் வைத்துக் காட்டி இன்னும் ஏதோ சொன்னார். அதில் ‘டெண்டன்’ என்ற சொல் வந்தது. மேரிசாந்திக்கு அது டென்ஷன் என்று கேட்டது. டென்ஷன் வந்தால் குளிசையை நிற்பாட்டிவிட்டுத் தனக்குச் சொல்லச் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டு தலையாட்டினாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்லிச் சிரித்தாள்.

“டென்ஷன் வந்தால் நிப்பாட்டட்டாம். உங்களுக்கு எப்ப டென்ஷன் இல்லாமல் இருந்தது?”

யாக்கோப்புவும் சிரித்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. எரிவும் குறைந்தது. குறைந்தவுடன் அவர் குளிசையை மறக்கத் தொடங்கினார். மேரிசாந்தி விடவில்லை. போன வருசம் பல்லுக்குத் தந்த மருந்தை அவர் பாதியில் விட்டு, கன்னம் பலாக்காய் போல வீங்கி, திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு ஓடியதை அவள் மறக்கவில்லை. அவளுடைய முதியோர் இல்லத்தில் நர்ஸ் ஓயாமல் சொல்வதும் மருந்தைப் பாதியில் விடக்கூடாது என்றுதான். காலையில் அவருக்கு முன்னால் தண்ணீரும் குளிசையுமாக நின்று, தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே அவள் சப்பாத்தைப் போட்டாள்.

“சுகம் வந்தாலும் கோர்ஸை முடிக்கவேணும். இல்லாட்டி உள்ளுக்கை இருக்கிறது பிறகு பெலத்து வரும்.”

இரண்டாம் கிழமை தொடங்கியபோது அவருக்குக் குதிக்காலுக்கு மேலே நோகத் தொடங்கியது. முதலில் காலையில் மட்டும். பிறகு படி இறங்கும்போது. பிறகு மீன்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஏறும்போதும். சப்பாத்து உரசுகிறதென்று நினைத்து வேறு சப்பாத்துப் போட்டுப் பார்த்தார்.

“சாந்தி, இந்தக் காலுக்குப் பின்னாலை ஒரு நோ. குளிசை போடத் தொடங்கினாப் பிறகுதான்.”

அவள் அடுப்பில் சொதியைத் துழாவிக்கொண்டு நின்றாள். “நாள் முழுக்க ஈரத்துக்கை நிண்டால் நோகாமல் என்ன செய்யும்? தைலம் பூசிவிடுறன்.”

“இல்லையப்பா. எனக்கென்னவோ அந்தக் குளிசையிலைதான் சந்தேகம். இண்டைக்கு விட்டுப் பாப்பமே?”

“பாத்தீங்களே, இதைத்தான் நான் எதிர்பாத்தனான். மூத்திரத்துக்குப் போடுற குளிசை குதிக்காலிலை என்ன செய்யும்? பல்லுக்கும் இப்பிடித்தான் ஒரு கதை சொன்னனீங்கள். இன்னும் கொஞ்ச நாள்தானே. போடுங்கோ.”

அவர் குளிசையைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போட்டார். அவள் தைலம் பூசி, பழைய துவாயைச் சூடாக்கி ஒத்தடமும் கொடுத்தாள். அன்றைக்கு அவளுடைய கால்களும் நொந்தன. தூக்கிக் குளிப்பாட்டிய கிழவி ஒருத்தி அவளுடைய பாதத்தை மிதித்துவிட்டிருந்தாள். அதை அவள் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, கடையில் சனம் நெரிபட்ட நேரம், யாக்கோப்பு பின்வாசல் படியில் பாரை மீன் பெட்டியோடு ஏறினார். யாரோ பின்னாலிருந்து குதிக்காலில் ஓங்கி உதைத்தது போலிருந்தது. டப்பென்று சத்தமும் கேட்டது. “எவனடா?” என்று திரும்பினார். பின்னால் ஒருவரும் இல்லை. திரும்பின கால் அவரைத் தாங்கவில்லை. ஐஸும் மீனுமாக அவர்மேல் கொட்டுண்டது.

ஆஸ்பத்திரிக்கு டிலக்சனா வேலையிலிருந்து நேராக வந்துவிட்டாள். மேரிசாந்தி வந்து சேர்ந்தபோது, எலும்பு டொக்டர் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்கினால் பாதம் அசையவேண்டும். அசையவில்லை. அண்மையில் ஏதாவது மருந்து எடுத்தாரா என்று கேட்டார். டிலக்சனா தாயைப் பார்த்தாள். மேரிசாந்தி கைப்பைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

டொக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு மெதுவாக, நீளமாகப் பேசினார். டிலக்சனாவின் முகம் மாறிக்கொண்டே போனது.

“அம்மா, இந்த டப்லெட்டாலை டெண்டன் கிழியலாமாம். ரேர்தானாம், ஆனா சிக்ஸ்டிக்கு மேலை ஆக்களுக்கு ரிஸ்க் கூடவாம். நோ தொடங்கின உடனை நிப்பாட்டியிருக்க வேணுமாம். அப்பா, உங்களுக்கு முதலே நொந்ததா?”

யாக்கோப்பு தலையணையில் முகத்தை வைத்திருந்தார். மேரிசாந்தியைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. “பெரிசா இல்லை,” என்றார்.

“டெண்டன் எண்டால் என்ன பிள்ளை?” என்று கேட்டாள் மேரிசாந்தி.

டிலக்சனாவுக்குத் தமிழில் சொல் வரவில்லை. “காலுக்குப் பின்னாலை கயிறு மாதிரி ஒண்டு. மசிலையும் எலும்பையும் கட்டி வைச்சிருக்கிறது. அது அறுந்திட்டுது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இது புரொஸ்டேட்டுக்குத் தந்த மருந்து எண்டு சொல்லுறார். ஏன் அப்பா எனக்குச் சொல்லேல்லை? நான் கூட வந்திருப்பனே,” என்றாள்.

அவர் திரும்பவில்லை. கால் அறுந்ததைவிட அந்தக் கேள்விதான் அவரைக் கூசவைத்தது.

முழங்காலுக்குக் கீழே பெரிய பூட்ஸ் ஒன்றைக் கட்டி, இரண்டு ஊன்றுகோல்களும் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சிப்ரோவை நிறுத்தியாயிற்று, மிச்சத் தொற்றை உங்கள் டொக்டர் பார்ப்பார் என்றார்கள். வீடிருந்த நாலாம் மாடிக்கு லிஃப்டில் ஏறினார். அந்தக் கிழமையே லிஃப்ட் பழுதாகிவிட்டது. கட்டடத்துக்குப் பொறுப்பான கவுன்சிலுக்கு டிலக்சனா போன் எடுத்தாள். சாமான் வரவேண்டுமாம் என்றார்கள். எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

யாக்கோப்பு ஜன்னலோரம் கதிரையில் காலைத் தூக்கி வைத்தபடி இருந்தார். கீழே கார் நிறுத்துமிடம், குப்பைத் தொட்டிகள், அங்கால் ரயில் பாதை. காலையில் மேரிசாந்தியும் மகளும் போய்விட்டால் வீட்டில் ஹீட்டர் டிக்கென்று அடிக்கிற சத்தம்தான். மேரிசாந்தி போகுமுன் தண்ணீர், பாண், சம்பல், பிளாஸ்கில் தேத்தண்ணி எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்தில் வைத்தாள். திரும்பி வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவருடைய தலையணையைச் சரிசெய்தாள். முன்பெல்லாம் வாய் ஓயாதவள், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அவர் ஏச்சுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. ஏச்சில்லாத வீடு அவருக்கு இன்னும் இறுக்கமாக இருந்தது.

விஜயரத்தினம் ஒருநாள் மூச்சு வாங்க வாங்க மாடிப்படி ஏறி வந்தார். கையில் கணவாய் மீன் பை.

“எப்பிடி அண்ணை இருக்கிறியள்? கடையிலை எல்லாரும் உங்களைத்தான் கேக்கினம்.”

“இருக்கிறன். வெள்ளிக்கிழமை சமாளிச்சனீங்களோ?”

விஜயரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தார். “ஒரு பெடியனைப் போட்டிருக்கிறன் அண்ணை. வெட்டு அவ்வளவு வராது. ஆனா பெட்டி தூக்குவான். நீங்கள் அவசரப்படாமல் ஆறுதலாய் வாங்கோ. வந்தால் கல்லாவிலை இருக்கலாம்தானே.”

“கல்லாவிலை உங்கடை மனுசியெல்லே இருக்கிறா.”

“அது ஓம்,” என்றார் விஜயரத்தினம். மிச்சத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பினார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் நெருங்கியபோது எரிவு திரும்பி வந்தது. கூடவே மெல்லிய காய்ச்சல். டொக்டரின் ஆட்கள் போன் எடுத்து, மூத்திரத்தைச் சோதித்து, வேறொரு குளிசை எழுதினார்கள். அதை எடுக்க மேரிசாந்தி வேலை முடிந்து மருந்துக்கடைக்குப் போனாள். அங்கே மருந்தாளர் பாமா, தமிழ்நாட்டுக்காரி. இவள் பெயரைச் சொன்னதுமே தமிழில் பேசினாள்.

“இது டிரைமெத்தோப்ரிம்ங்க. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தோல்ல தடிப்பு வந்தாலோ, காரணமில்லாம ரத்தக் கட்டு தெரிஞ்சாலோ உடனே சொல்லணும். வேற மாத்திரை ஏதாச்சும் எடுக்கறாரா?”

“இல்லை அம்மா. உதுக்கும் குதிக்கால் அறுமோ?”

பாமா கையிலிருந்ததை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மேரிசாந்தி நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல வேகம் கூடியது. பின்னால் நின்றவர்களை அவள் பார்க்கவில்லை.

“இல்லைங்க. இது வேற வகை மருந்து. அந்தப் பிரச்சினை இதுல கிடையாது.”

“மற்றப் பெட்டிக்குள்ளை இருந்த கடதாசியிலை அதை எழுதியிருந்ததோ?”

“ஆமாங்க. அதுல எச்சரிக்கையாவே போட்டிருக்கும். வலி வந்தா நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடுங்கன்னு.”

“நான்தான் அவரை முடிக்க வைச்சனான். நிப்பாட்டுவம் எண்டு கேட்டவர். கோர்ஸை முடிக்கவேணும் எண்டு நிண்டனான்.”

பாமா கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள். “சுகமாயிட்டுதுன்னு பாதியில விடக்கூடாது, அது சரிதாங்க. ஆனா மருந்தால புதுசா ஏதாச்சும் வந்தா நாமளா முடிக்கவும் கூடாது, நாமளா விடவும் கூடாது. அன்னைக்கே கேட்டிருக்கணும். இங்க வந்து என்னைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். நீங்க வேணும்னு பண்ணலையே.”

அந்தக் கடைசி வசனம் மேரிசாந்திக்கு உதவவில்லை. நாலு மாடியும் ஏறி வந்து, குளிசைப் பெட்டியை மேசையில் வைத்தாள். தண்ணீரும் வைத்தாள். போடுங்கோ என்று சொல்ல வாய் வரவில்லை.

யாக்கோப்பு பெட்டியைப் பார்த்தார். “எனக்கு உது வேண்டாம்.”

அவள் தண்ணீரை அவருக்குக் கிட்ட நகர்த்தினாள்.

“மற்றக் காலையும் அறுத்துக்கொண்டு நான் எங்கை போறது? எரியிறது எரியட்டும்.”

அன்று முழுவதும் பெட்டி திறக்கப்படாமல் கிடந்தது. அடுத்த நாள் மத்தியானம் காய்ச்சல் ஏறியது. மேரிசாந்தி வேலைக்குப் போகவில்லை. கஞ்சி காய்ச்சினாள். அவர் இரண்டு கரண்டி குடித்துவிட்டுத் தட்டிவிட்டார். அவள் கோப்பையைக் கழுவப்போனவள், தண்ணீரை ஓடவிட்டபடியே நின்றாள். பிறகு வந்து அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“டொக்டர் அண்டைக்கே சொன்னவர். டெண்டன் எண்டு சொன்னவர். எனக்கு டென்ஷன் எண்டு கேட்டது.”

அவர் விளங்காமல் பார்த்தார்.

“தமிழ் ஆளைப் போனிலை எடுக்கட்டோ எண்டும் கேட்டவர். நான்தான் வேண்டாம் எண்டனான். எனக்கு இங்கிலிஸ் தெரியும் எண்ட எண்ணம். நீங்கள் நோகுதெண்டு சொன்னபோதும் நான் உங்களை நம்பேல்லை. என்னை ஏசுங்கோவன். ஏன் ஒண்டும் சொல்லாமல் இருக்கிறியள்?”

அவர் சொன்னார். “எனக்கும் கோபம்தான் சாந்தி. இல்லையெண்டு சொல்லேல்லை. இந்தக் கதிரையிலை இருந்துகொண்டு உன்னை மனசுக்குள்ளை எத்தினை தரம் ஏசியிருப்பன்.” மூச்சு வாங்கினார். “ஆனா மகளைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி நீ சொன்னனீ. நான்தான் வெக்கப்பட்டனான். அதையும் யோசிக்கிறன். யோசிச்சால் ஏச வாய் வரேல்லை.”

டிலக்சனா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். டொக்டர் பின்னேரம் வரச் சொன்னார், நேரில் பார்க்கவேணுமாம் என்றாள். “ஆனா லிஃப்ட்?”

“இருந்து இருந்து இறங்குறன்,” என்றார் யாக்கோப்பு.

அப்படியே செய்தார். மேல்படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, பூட்ஸ் காலை முன்னே நீட்டி, அடுத்த படிக்கு உடம்பை இறக்கினார். மேரிசாந்தி அவருக்குக் கீழே பின்பக்கமாக இறங்கி, அந்தக் காலை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தாள். டிலக்சனா ஊன்றுகோல்களோடு மேலே. சுவரில் ஈரம் கசிந்தது. படியெல்லாம் சிகரெட் நாற்றம். மூன்றாம் மாடியில் களைத்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவருக்குக் குளிர் எடுத்தது, பற்கள் அடித்தன. கைகள் தாங்கவில்லை. கீழே போகவும் ஏலாது, மேலே போகவும் ஏலாது.

“அம்புலன்ஸ் கூப்பிடட்டா?” டிலக்சனாவுக்கு அழுகை வந்துவிட்டது.

“டொக்டருக்கு எடு. இஞ்சை வைச்சே கதைப்பம்.”

சிறிது நேரம் காத்திருந்த பிறகு டொக்டரே லைனில் வந்தார். டிலக்சனா போனை ஸ்பீக்கரில் போட்டு, தகப்பனுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

“பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. ஒண்டும் மாத்தாதை, ஒண்டும் விடாதை.”

“ஓகே அப்பா.”

அவர் சொல்லத் தொடங்கினார். மூத்திரம் போகும்போது எரிகிறது என்றார். போய் முடித்தாலும் முடிந்த மாதிரி இல்லை என்றார். எங்கே நோகிறது, உட்கார்ந்தால் எப்படி நோகிறது, எத்தனை நாள் அதை மறைத்தார் என்பதையெல்லாம் சொன்னார். மாடிப்படியில் அவருடைய குரல் மேலும் கீழும் மோதிக் கேட்டது. மேல்மாடிப் பெண்ணொருத்தி சாமான் பைகளோடு ஏறி வந்து, வழியில்லாமல் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், நிறுத்தவில்லை. மகள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துவிட்டு அதையும் சொன்னாள்.

“இப்பக் கேள். இந்தப் புதுக்குளிசை மற்றக் காலையும் அறுக்குமோ?”

டொக்டர் சொன்னதை அவள் தமிழாக்கினாள். இது வேறு மருந்து, அப்படிச் செய்யாது. முதலாவதை இப்போதே போடவேண்டும். தடிப்பு வந்தாலோ, புதிதாக எது நடந்தாலோ உடனே போன் எடுக்கவேண்டும். மூத்திரம் போகாமல் நின்றாலோ நடுக்கம் கூடினாலோ அம்புலன்ஸ்தான், காத்திருக்கக் கூடாது. இன்றைக்கு இறங்கி வரவேண்டாம், வீட்டுக்கே திரும்பட்டும், நாளைக்குக் காலை அங்கே ஒரு நர்ஸை அனுப்பப் பார்க்கிறார்.

“எனக்கு விளங்கிச்சுது எண்டு சொல்லு,” என்றார் யாக்கோப்பு. “பெட்டி எங்கை?”

மேரிசாந்தி கைப்பையைத் திறந்தாள். குளிசையை உடைத்தெடுக்காமல் பெட்டியை மகளிடம் நீட்டினாள். டிலக்சனாதான் எடுத்துத் தந்தாள். அவர் போத்தல் தண்ணீரில் விழுங்கினார். மேரிசாந்தி அவருடைய தொண்டையைப் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பைகளோடு நின்ற பெண் ஏதோ கேட்டாள். உதவி வேண்டுமா என்று கேட்கிறாள் என்றாள் டிலக்சனா.

“வேண்டாம் எண்டு சொல்லாதை,” என்றார் அவர்.

அந்தப் பெண் பைகளைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து அவருடைய ஒரு கைக்கடியில் பிடித்தாள். டிலக்சனா மற்றக் கைக்கடியில். மேரிசாந்தி காலைத் தூக்கிக்கொண்டாள். கீழே வாசலில் வெளிச்சம் தெரிந்தது. அதற்கு முதுகு காட்டாமல், அதைப் பார்த்தபடியே, யாக்கோப்பு பின்பக்கமாக ஒரு படி மேலே ஏறினார். மேலே இன்னும் இரண்டு மாடி இருந்தது.